டயருக்குப் பேதி மருந்து

அரைத்த ரப்பர் தூளை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, "பஸ் டயரு. அதுவும் மலைப்பாதையில ஓடுன வண்டி. பிரேக்குலயே பொழப்ப ஓட்டிருக்கான்," என்கிறாள் ஷஃபீகா. உண்மையா என்று யாரும் சோதித்ததில்லை. எதிர்த்துப் பேசி அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள ஒருவருக்கும் தெம்பில்லை.

கங்கைகொண்டான் பக்கத்தில், பழைய டயரை மறுபடியும் பிசையக்கூடிய ரப்பராக மாற்றும் தகரக் கொட்டகை அது. இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றையொன்று தொடாத குறையாகச் சுழலும் மில்லை ஏழு வருடமாக ஓட்டுகிறவள் அவள். மேலப்பாளையத்தில் இருபது வருடம் பீடி சுற்றிக் கழுத்து போன பிறகு இங்கே சேர்ந்தாள். கணவர் அஃப்சல் மஸ்கட்டில். "ஆம்பள மெஷின ஓட்டுதாளாமே," என்று பக்கத்து வீட்டுக்காரி வாயை விட்டபோது, "ஆம்பளன்னு நீ துணிய வெலக்கிப் பாத்தியாட்டி?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டவள். பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் ஒரு ரப்பர் துண்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அந்த நாற்றத்தில் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்கார்வார். இவளுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

டயரைக் கெட்டியாக்குவது கந்தகம். ரப்பர் இழைகளை அது ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டை மட்டும் அவிழ்க்க வேண்டும், இழை அறுந்துவிடக் கூடாது. ஷஃபீகா இதை விளக்கும் விதத்தைப் பாடப்புத்தகத்தில் போட முடியாது. "கந்தகத்தத் தின்னு டயருக்கு மலச்சிக்கல். நாம குடுக்கது பேதி மருந்து. மருந்து மட்டும் பத்தாது, வயித்தயும் அமுக்கிவிடணும். அதுக்குத்தான் மில்லு." மருந்து என்பது எண்ணெயில் குழைத்த ரசாயனப் பொடி.

கொட்டகையின் முதலாளி ஆவுடைநாயகம், அப்பா விட்டுப்போன வயலை விற்று இதில் இறங்கியவர். கரித்தூள் பறக்கும் இடத்துக்கும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில்தான் வருவார். போன மாதம் ஒரு செருப்புக் கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, மருந்தை இரட்டிப்பாக்கி அரைக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான எஞ்சினியர் கோமதிசங்கர், தவறென்று தெரிந்தும் "சரி அண்ணாச்சி" என்றார். அவருக்கு மனப்பாடமான ஒரே சூத்திரம் அது.

ஷஃபீகாவால் சும்மா இருக்க முடியவில்லை. "பேதி மருந்த ரெட்டிப்பாக் குடுத்தா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"வாய மூடிட்டு ஓட்டு. அவுக வந்துட்டுப் போறவரைக்கும் மில்லு நிக்கக் கூடாது. நிப்பாட்டினா நாளைக்கு நீ வரவேண்டாம்."

ஓட்டினாள். ரப்பர் தகடுகள் வெல்லப்பாகுபோலப் பளபளவென்று வந்தன. செருப்புக் கம்பெனியின் தர அதிகாரி அனுராதா வந்ததும், ஆவுடைநாயகம் அந்தத் தகடுகளின் அடுக்கின்மேல் பெருமையாக உட்கார்ந்து பேசினார். பேசி முடித்து எழுந்தார். வேட்டி எழவில்லை.

அதே நேரம், கூழாகிப்போன ரப்பர் உருளையில் அப்பிக்கொண்டு இறங்க மறுத்தது. முதலாளியின் மானமும் சரக்கின் மானமும் ஒன்றாகப் போகிற பதற்றத்தில் கோமதிசங்கர் அதைப் பிய்த்தெடுக்க வெறுங்கையை நீட்டினார். விரல்கள் ஒட்டிக்கொண்டன, உருளை கையை உள்ளே இழுத்தது. ஷஃபீகா தலைக்குமேல் இருந்த நிறுத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். மில் நின்றபோது இடுக்குக்கும் விரலுக்கும் நடுவே ஒரு பீடி அகலம்தான் மிச்சம் இருந்தது.

"நிப்பாட்டக் கூடாதுன்னேனா இல்லியா!" இடுப்பைப் பிடித்தபடி ஆவுடைநாயகம் கத்தினார்.

"வேட்டி போனா எங்க ஊருத் தறியில நெய்து வாங்கிக்கிடலாம். இவரு கை போனா எந்தத் தறிக்குப் போவீய அண்ணாச்சி?"

அனுராதா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஷஃபீகாவின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்பவும் ஓட்டுற மாதிரி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கக்கா."

அப்பியதை வழித்தெடுத்துவிட்டு, மருந்தைப் பழைய அளவுக்கு இறக்கினாள். உருளைக்குள் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டாள். இடைவெளியை இறுக்கி, புதுத் தூளைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பினாள். முக்கால் மணி நேரம் ரப்பரைத் தவிர யாரையும் திட்டவில்லை. வந்த தகடு இழுத்தால் நீண்டது, கையில் ஒட்டவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் பருக்கை தெரியவில்லை. அனுராதா ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "இவங்க ஓட்டுறதா இருந்தா ஆர்டர் உண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேட்டிக்குப் பதில் வாட்ச்மேனின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்த ஆவுடைநாயகம், "நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?" என்று மட்டும் கேட்டார்.

"எப்பவும்போலத்தான்."

அவர் போனபின் கோமதிசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல விடாமல் ஷஃபீகா, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் வலது கையைப் பிடித்திழுத்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐந்து வந்தது. நம்பிக்கை வராதவள்போல இன்னொரு தடவை எண்ணிவிட்டு, புறங்கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.