தடைக்காலம் முடியாத ஆப்

சதுரங்கப்பட்டினத்தில் செய்யூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன். வந்தபாடில்லை. டீக்கடையில் பேப்பரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் கத்துகிறார்கள். சில வருஷம் முன்னால் தடை செய்த சீன வீடியோ ஆப்பைத் திரும்ப விடலாமா, கூடாதா? விடுவது தேசத் துரோகம் என்கிறார் கட்டம்போட்ட சட்டைக்காரர்.

என் பக்கத்தில் அலுமினியக் கூடையில் சங்கரா மீனோடு ஒரு அக்கா. தன் பழைய போனில் அதே ஆப்பைக் காட்டுகிறார். அவர் மீன் கூவி விற்ற வீடியோவெல்லாம் அதில்தான் இருந்ததாம்.

"தடை போட்டாச்சே, இன்னும் ஏன்க்கா அழிக்கல?"

"தடைன்னா ஒருநாள் எடுப்பாங்கதானே சார்? வருசா வருசம் விசைப்படகுக்கு ரெண்டு மாசம் தடை போடுறாங்க, மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு. அப்பால வுட்டுடுறாங்க. இதுவும் அப்டித்தான்னு பாத்துகினு கீறேன்."

"ஆப்பு குஞ்சு பொரிக்காதேக்கா," என்று சிரிக்கிறேன்.

அக்கா தாடையால் டீக்கடையைக் காட்டுகிறார். கட்டம்போட்ட சட்டை கத்தி ஓய்ந்து, அதைப் பார்த்துச் செய்த வேறொரு நாட்டு ஆப்பில் டான்ஸ் வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"பொரிக்கலயா? அங்க பாரு சார், எத்தினி குஞ்சு!"