பாம்புச்செவிக்குப் பதில் சொன்ன பறவை

வீட்டில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். மாடியில் உட்கார்ந்தபடியே, எதிர்வீட்டுத் தம்பதி எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதை நம்பித்தான் கடல் தாண்டி இந்த மழைக்காட்டுக்குப் பறவை ஆராய்ச்சி படிக்க வந்தாள்.

குக்குறுவான் இனத்தில் ஒரு பச்சைப் பறவை. வெகுகாலமாக யார் கண்ணிலும் படவில்லை. அதன் குரலுக்கு இருக்கும் ஒரே பழைய பதிவை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பறவை இருந்தால், எவனோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று பதிலுக்குக் கத்தும். கத்தினால் அவள் ஆராயும் மலைச்சரிவில் மரம் வெட்டமாட்டார்கள். கத்தாவிட்டால் ரம்பம் வந்து நிற்கும்.

முதல் வாரமே பதில் வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்ணால பாத்தியாடி?" என்றாள் அம்மா போனில்.

"இல்லம்மா, காதால கேட்டேன்."

"எதிர்வீட்டுச் சண்டையையும் காதாலதான் கேட்டே. அவங்க வீட்டுல டிவி ஓடிட்டு இருந்துச்சு."

அம்மாவுக்கும் பறவைக்கும் காத தூரம். இருந்தாலும் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது. பதில் குரல் தினமும் சரிவுக்கு மேலிருந்த மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வந்தது. பதிவில் ஐந்தாவது கூவலில் ஒரு விக்கல் உண்டு. பதிலிலும் அதே இடத்தில் அதே விக்கல். ஆர்வக்கோளாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் போட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லை. பறவைக்கு ஏது வார விடுமுறை?

குழப்பம் தாங்காமல் மறுநாள் மேட்டில் ஏறினாள். உச்சியில், பாறைமேல் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு ஒரு நெட்டையன் உட்கார்ந்திருந்தான். வேறொரு கல்லூரி மாணவன். மறுபக்கச் சரிவு அவன் பங்கு. அவளையும் அவள் கையிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியையும் பார்த்ததும் பேயறைந்தவன் போல ஆனான்.

"நீங்கதானா என் பறவை?" என்றான்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பறவை கெடச்சிருச்சுன்னு எங்க சார் ரொம்ப சந்தோஷத்துல இருக்காருங்க," என்றான் அவன்.

"எங்க மேடமும்தான். நாளைக்கு அறிக்கை குடுக்கணும்."

இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டு ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தார்கள். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இனி இரண்டு சரிவுகளுக்கும் ரம்பம் வந்துவிடும்.

அப்போது தலைக்கு மேலே அந்தக் குரல் கேட்டது. இருவரும் சட்டென்று அடுத்தவர் பெட்டியைப் பார்த்தார்கள். இரண்டும் அணைந்தே கிடந்தன. கிளையில் கன்னங்கரேலென்று ஒரு கரிச்சான். ஊரார் குரலையெல்லாம் திருடிப் பாடுவதில் எமகாதகப் பறவை அது.

"போச்சு. நம்ம பெட்டிய கேட்டுக் கத்துக்கிச்சு," என்றான் நெட்டையன்.

"இருங்க," என்றாள் அவள். கரிச்சான் மறுபடி கூவியது. நாலு, ஐந்து, ஆறு. ஐந்தாவதில் விக்கலைக் காணோம்.

"பெட்டிகிட்ட இல்லன்னா இது யாருகிட்ட கத்துக்கிச்சு?" என்றான் அவன்.

அவள் அங்கிருந்தே அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னிக்காவது கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்மா. பாத்த பிறகுதான் ஒண்ணுமே புரியல."

"அப்ப நாளைக்கு மேடத்துகிட்ட என்ன சொல்லுவே?"

"இதுவரைக்கும் கேட்டதெல்லாம் தப்புன்னு சொல்லுவேன். இன்னும் கேட்டு முடிக்கல, அதுவரைக்கும் ரம்பத்த நிறுத்தி வைங்கன்னும் சொல்லுவேன்."