தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் தொடங்கியிருந்த ஒரு காலையில், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. அந்த ஆண்டு ஃப்ளூ காய்ச்சல் நாடு முழுவதும் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. தினமும் மாலையில் தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை வந்து நிற்கும். அந்தப் பெரிய எண்ணுக்கு எங்கள் கடற்கரையிலிருந்து போய்ச் சேரவேண்டிய சிறு பங்கைச் சேகரிப்பதுதான் அப்போது என் வேலை.

ஒரு வேலையில் நிலைத்து நிற்கிற கால் இல்லை என்னுடையது. அச்சகம், பள்ளி நூலகம், தையல் கடை என்று மாறி மாறிப் போய், நாற்பத்தேழு வயதில் இந்த மூன்று மாத ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தேன். காலையில் கிளியனூரில் ஸ்கூட்டரை எடுத்தால், வீடு வீடாக ஏறி இறங்கிப் படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி, ‘காய்ச்சலால் இந்த வீட்டில் யாராவது இறந்தார்களா?’ ஆம் என்றால் அடுத்த பக்கம். இல்லை என்றால் அடுத்த வீடு. எந்த ஊரில் இறப்பு அதிகமோ அந்த ஊருக்கு மருத்துவ முகாம் முதலில் போகும்.

அனுமந்தைப் பக்கம் முடித்துவிட்டு, உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு சின்ன ஊருக்கு இரண்டு நாள் அலைந்தேன். கேட்ட வீட்டிலெல்லாம் “இல்லீங்க” என்றார்கள். ஒரு பெண் மட்டும் வாசலில் நின்றபடி, “காய்ச்சல்லாம் விட்டுடுச்சுங்க, அப்புறமாத்தான்...” என்று இழுத்தாள். எனக்கு இன்னும் இருபது வீடு பாக்கி. காய்ச்சல் விட்டுவிட்டதென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்று மனசு லேசாக இருந்தது. ஒரு ஊராவது தப்பித்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

படிவத்தின் அடியில் ஊரை அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உப்பளத்து மேஸ்திரியம்மாவிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறவர் என்பதால், மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு நானே உப்பளத்துக்குப் போனேன்.

போய் வரப்பில் நின்றதும் எதற்காக வந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை சதுரம் சதுரமாகத் தண்ணீர். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு துண்டு வானம். முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிய பெண்களும் தலையில் துண்டு கட்டிய ஆண்களும் அந்த வானத்துக்குள் இறங்கி, நீளக் கம்பில் மாட்டிய பலகையால் உப்பை இழுத்து இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். உப்பு உரசும் சத்தம், பெரிய மிருகம் ஒன்று நிதானமாக மூச்சு விடுவதைப்போல் கேட்டது.

மேஸ்திரியம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கையில் ரப்பர் உறை, வாயில் வெற்றிலை.

“இன்னா மேடம், செருப்பைக் கையில தூக்கினு நிக்கிறீங்க? உப்பு உங்களைக் கடிக்காது, இறங்குங்க.”

பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். மேஸ்திரியம்மாவின் தம்பியாம். நல்ல ஓங்குதாங்கான உடம்பு.

கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் கண் ஓரிடத்தில் உறுத்தியது. மற்ற பாத்திகளெல்லாம் வாரியதும் வாருவதுமாகப் பளிச்சென்று இருக்க, நடுநடுவே சில இடங்கள் மட்டும் யாரும் தொடாமல் கிடந்தன. தண்ணீர் வற்றி, உப்பு பாளம் பாளமாக இறுகி, வெள்ளை மங்கி லேசாகச் சிவந்திருந்தது. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், அதை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று.

“அது அவங்கவங்க பாத்திங்க. ஆள் பூட்டா பதினாறு நாளைக்கு அதுல யாரும் பலகை போட மாட்டோம். காரியம் முடிஞ்சப்புறம் எல்லாரும் சேர்ந்து வாருவோம். எங்க ஆளுங்க வழக்கம் அது. முதலாளியும் ஒண்ணும் சொல்றதில்ல.”

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தூரத்தில், மேட்டோரம், நான்கு. பதினாறு நாளுக்குள் இந்த ஒரு கூட்டத்தில் நான்கு பேர். என் பையில் இருந்த படிவமோ பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் காகிதத்திலும் ஏறாத சாவுகள் நான்கும் வெட்டவெளியில் சூரியனுக்கு எதிரே எழுதிக் கிடந்தன. இரண்டு நாளும் உப்பளத்தை ஒட்டிய சாலையில்தான் போய் வந்தேன். பார்த்திருக்கிறேன், படித்ததில்லை.

“நாலு பேரும் காய்ச்சல்லயா?”

“இல்லீங்க. காய்ச்சல் வந்துது, நல்லாயிடுச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தினு வேலைக்கு வந்துட்டாங்க. அப்புறம் மூச்சு முட்டிப் பூட்டாங்க. அது உப்புக்காத்து நெஞ்சுல இறங்கினது.”

அந்த ஊர்க்காரர்களின் வழக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. காய்ச்சல் விட்டதும் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டால் அந்த நோய் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் வேறு நோய். யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் அவர்களுடைய வாக்கியத்தைப் பாதியில் வெட்டி எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முதல் பாத்திக்காரர் தலைக்கு ஊற்றி எத்தனை நாளில் போனார்?

“மூணாம் நாள்.”

அடுத்தவர்?

“அந்தப் பொண்ணு ரெண்டாம் நாளே. சாயங்காலம் கூட எங்கூட டீ குடிச்சுது.”

மேட்டோரத்தவர்?

“அவரும் மூணாம் நாள்தான்...”

அவர் குரல் மெதுவாகத் தேய்ந்தது. மீதி ஒருவரைப் பற்றி நான் கேட்கவேயில்லை. அவராகவே வாய்க்குள் நாளை எண்ணினார், விரலை மடக்கினார், பிறகு தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார்.

“அவனுக்கு முந்தாநேத்துதான் ஊத்தினேன்” என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

பிறகு சத்தமாக, “டேய், பலகைய வெச்சிட்டு மேல வா.”

“இன்னும் ரெண்டு... பாத்தி... இருக்குது... அக்கா.”

அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் அவன் மூன்று முறை மூச்சு வாங்கினான். அவ்வளவு நேரமும் வேலைக் களைப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிட்டே வந்தபோது பார்த்தேன், உதடு நாவல் பழம் தின்றவனுடையதுபோல் கறுத்திருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்ல, காய்ச்சல்தான் விட்டுடுச்சே” என்று சிரிக்கப் பார்த்து இருமினான்.

“தெரியும்டா. அதான் கூப்பிடறேன்” என்றார் அக்கா.

மூட்டை ஏற்ற வந்து நின்ற குட்டியானை வண்டியில் அவனை ஏற்றினோம். “மூட்டையோட மூட்டையா என்னையும் விக்கப் போறீங்களா” என்றான். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். ஈசிஆர் சாலை நெடுக மேஸ்திரியம்மா அவன் முதுகைத் தடவியபடியே வந்தார். கோட்டக்குப்பத்தில் கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றபோது, கடையிலிருந்து இறங்கி வந்த நாலைந்து பேர் பைக்குகளைக் கையாலேயே தூக்கி ஓரம் வைத்து வழி விட்டார்கள். பாண்டியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவன் மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள்.

மதியம் மருத்துவர் வெளியே வந்து விளக்கினார். இந்தக் காய்ச்சல் சிலருக்கு அப்படித்தானாம். சூடு இறங்கி, ஆள் எழுந்து நடமாடும் நேரம் பார்த்து நுரையீரலில் இரண்டாவது கிருமி புகுந்துவிடும். தலைக்குக் குளித்ததில் தப்பில்லை, அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. “இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கொண்டு வந்திருக்க மாட்டீங்க” என்றார். பிழைப்பானா என்று கேட்டதற்கு, ராத்திரி தாண்டட்டும் என்றார்.

மேஸ்திரியம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து உப்பளத்துக்குப் பேசினார்.

“அவன் பாத்தியில யாருனா பலகை போட்டீங்களா? ஏன்டீ போடல? யார் சொன்னது உங்களுக்கு விடச் சொல்லி? இப்பவே இறங்கி வாருங்க. ஒரு கல்லு உப்பு அதுல நிக்கக் கூடாது. நான் வந்து பார்ப்பேன்.”

போனை வைத்த பிறகுதான் அழுதார்.

பதினோரு நாள் கழித்து அவன் வீடு திரும்பினான். அந்தப் பதினோரு நாளும் மேஸ்திரியம்மா வேலை முடிந்ததும் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். போன வீடுகளுக்கே மறுபடி போனோம். இந்த முறை கேள்வி அவருடையது. “தலைக்கு ஊத்தினப்புறம் வீட்ல யாருக்குனா மூச்சு வாங்குச்சா? இப்ப யாருக்குனா வாங்குதா?” கதவுகள் திறந்துகொண்டே போயின. வாசலில் இழுத்த அந்தப் பெண் முழுசாகச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவள் புருஷனுடையதுதான் அந்த மேட்டோரப் பாத்தி. முகாம் அந்த வாரமே வந்தது. நோய் முற்றாத நிலையில் இன்னும் இரண்டு பேரைப் பாண்டிக்கு அனுப்பினார்கள், இருவரும் நடந்து திரும்பினார்கள். என் பூஜ்யத்தை அடித்துத் திருத்திய படிவம், நாட்டின் அந்தப் பெரிய எண்ணுக்குள் எங்கோ போய்க் கரைந்திருக்கும். திரையில் பார்த்தபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அந்த ஒப்பந்தம் முடிந்து, வழக்கம்போல் இரண்டு வேலை மாறிவிட்டேன். ஆனாலும் இறந்தவர்களை எண்ணுவது இருக்கிறவர்களைத் தேடிப் போகும் வழி என்று ஒரு தம்பியின் அக்கா விரல் மடக்கிக் காட்டியதிலிருந்து, என்னிடம் யாராவது ‘இல்லை’ என்று சொன்னால் நான் அதை உடனே எழுதிவிடுவதில்லை. அடுத்த வார்த்தை வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.