வலப்பக்கம் பார்த்துச் சொல்பவள்

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். முதலாமவர் என் கணவர். அவரை விட்டு இரண்டாமவரிடம் எப்போது போவது என்று நான் நாலு மாதம் யோசித்தேன். முதல் நாளே எனக்கு முடிவு தெரிந்துதான் இருந்தது, வாய்தான் வரவில்லை. நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். பேச வேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அஞ்செட்டிப் பக்கம் ஒரு சின்னப் பிரசவ விடுதியில் நான் மருத்துவச்சி. ஊருக்கு நர்சம்மா. நாட்றாம்பாளையம் வரைக்கும் மலையோரத்துக் கிராமங்களில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் என்னைத் தேடித்தான் ஆள் வரும். மாட்டு வண்டியில் கிளம்பினால் நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்று குழந்தை பிறந்திருக்கும், இல்லையென்றால் தாய் போயிருப்பாள். எங்களிடம் ஒரு ஜீப் இருந்ததால்தான் நிறையப் பேர் பிழைத்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

என் கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சண்டை முடிந்து பெங்களூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சந்தை நாளில் ஆட்களையும் ராகி மூட்டைகளையும் ஏற்றுவார். பிரசவம் என்று ஆள் வந்தால் மூட்டையைப் பாதி வழியில் இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொள்வார். மூட்டைக்காரர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அமெரிக்காவில் செய்த வண்டி அது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நம் சாலையில் இடப்பக்கமாகப் போகும்போது, முன்னால் போகிற கட்டை வண்டியைத் தாண்ட வேண்டுமானால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "பஸ் வருது, இருங்க" என்றோ, "ஒண்ணும் இல்ல, போங்க" என்றோ சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. எனக்குப் பிடித்த வேலையும்கூட.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "எனக்கு ஜுரம் கிரம் வந்து படுத்துட்டா நீ என்னா பண்ணுவ? வண்டி ஓட்டக் கத்துக்க."

நான் சிரித்தேன். அந்தப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிற பெண்ணையே யாரும் பார்த்ததில்லை. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நல்ல வாத்தியார் அவர். அதில் குறை சொல்ல முடியாது. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. கியர் மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். "இப்ப மாத்து. காதால ஓட்டு புள்ள, வண்டியே சொல்லும்" என்பார். சாலைக்கு வந்த பிறகு இன்னொன்றும் சொன்னார். "கண்ணுல படறதெல்லாம் வாயில வரணும். சொல்லிட்டே ஓட்டு." நானும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இடப்பக்கம் ரெண்டு ஆடு, வலப்பக்கம் கல்லுக் குவியல், எதிரே சைக்கிள். பட்டாளத்தில் இப்படித்தான் கற்றுக்கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஓட்டும்போதும் சொல்லச் சொன்னார். பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம்.

இரண்டாவது மாதம் தேன்கனிக்கோட்டை சாலையில் ஒரு இறக்கம். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், முன்னால் வைக்கோல் வண்டி. இப்போது வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவர். பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"தாண்டலாமாங்க?" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, போ."

போனேன். எதிரே பஸ். ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தேனோ, ஜீப் வைக்கோலை உரசிக்கொண்டு பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. பஸ் டிரைவர் நிறுத்தி, கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

"வேகமா வந்துட்டான் அவன்" என்றார் என் கணவர்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நடை வேகத்தில் வந்த பஸ் அது. ஒரு வருடமாக நடந்ததெல்லாம் வரிசையாக நினைவில் வந்து நின்றது. பொழுது சாய்ந்தால் வண்டி எடுக்க மாட்டேன் என்பார், கேட்டால் யானை நடமாட்டம் என்பார். யானை இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய வருடங்களிலும் இருந்தது. பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். நேராகப் பார்த்தால் ஊசியில் நூல் கோத்துவிடுவார், பக்கவாட்டில் நிற்கிற என்னை மோதிக்கொண்டு போவார். ஊராரின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிந்தவளுக்கு வீட்டுக்குள் இருந்தது தெரியவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வேறு வாத்தியாரைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஓசூரில் ஒரு பருப்பு வியாபாரியின் லாரியை ஓட்டுகிற பாய் ஒருவர் இருந்தார். மருந்து வாங்க ஓசூர் போனபோது அவரைப் பார்த்து, எனக்குக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எனக்கு ஸ்டியரிங் புடிக்கச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தாங்க நர்சம்மா. அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லாம உங்கள நான் கூட்டிட்டுப் போனா, அப்புறம் அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அண்ணன் சொல்லட்டும், நாளைக்கே வாரேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னை அடைத்துப் போட்டது. என் கணவர் வாயால் அந்த வார்த்தை வர வேண்டுமானால் நான் அவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். இருப்பது ஒரே காரணம். அதைச் சொல்லிவிட்டால் அவர் அதற்குப் பிறகு டிரைவர் இல்லை. டிரைவர் இல்லையென்றால் அவர் யார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ யாரையாவது இடித்துவிடுவோம். வண்டியை நிறுத்திவிடலாம் என்றால் மலைக் கிராமத்தில் ஒருத்தி வலியோடு காத்திருப்பாள். எனக்கோ இன்னும் லைசென்ஸ் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

பொய்க் காரணங்களைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ரிவர்ஸ் வரவில்லை, வேறு யாராவது சொல்லிக் கொடுத்தால் வருமோ என்னவோ என்றேன். மறுநாள் முழுக்க ஏரிக்குள் பின்னாலேயே ஓட்ட வைத்தார். இரண்டாவது நாள் எனக்கு அவரைவிட நன்றாக ரிவர்ஸ் வந்தது. புருஷன் சொல்லிக் கொடுத்தால் பெண்டாட்டிக்கு ஏறாது என்று ஊரில் சொல்கிறார்கள் என்றேன். "உனக்குத்தான் ஏறுதே" என்றார். கிருஷ்ணகிரியில் நல்ல கண் டாக்டர் இருக்கிறாராம், எனக்குத் தலைவலியாக இருக்கிறது, நீங்களும் கூட வந்து காட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாள் சுற்றி வளைத்தேன். "எனக்கு எதுக்கு? பட்டாளத்துலயே எழுதிக் குடுத்திருக்கான், பார்வை ஒண்ணாம் நம்பர்னு" என்றார். அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியில் பத்து வருடத்துக்கு மேலாகக் கிடந்தது.

அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு நானாக எதையாவது கற்பனை செய்கிறேனோ? பார்வை நன்றாக இருக்கிற மனிதரைக் குருடாக்கிப் பார்க்கிறேனோ? உறுதியாகத் தெரிந்துவிட்டால் பேச வாய் வரும் என்று தோன்றியது. அதனால் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை எழுதக் கை கூசுகிறது.

ஒரு நாள் காலை, பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தாயும் பிள்ளையும் சுகம். அவர் ஓட்டினார். நான் வலப்பக்கம். இன்றைக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் அவரும் கேட்கவில்லை. சாலையில் யாரும் இல்லை. பிறகு வலப்பக்க மேட்டிலிருந்து தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். நீளமான கட்டு. ஜீப் சத்தம் கேட்டு அவள் ஓரமாக நிற்பாள் என்று நினைத்தேன். அவள் நிற்காமல் சாலைக்குள் கால் வைத்தாள். இப்போது பிரேக் போடுவார் என்று நினைத்தேன். இப்போது போடுவார், இதோ இப்போது. நான் கத்தியபோது நேரமாகிவிட்டது. ஜீப்பின் கம்பி விறகுக் கட்டின் முனையில் மாட்டி, கட்டு அவளைச் சுழற்றிக் கீழே தள்ளியது.

நான் குதித்து ஓடினேன். மணிக்கட்டு ஒடிந்திருந்தது. நெற்றியில் சிராய்ப்பு. விறகுக் குச்சி இரண்டை வைத்தே கட்டுப் போட்டேன். அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னடத்தில் "பரவாகில்லா, பரவாகில்லா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். போன வருடம் அவள் தங்கைக்கு நான்தான் பிரசவம் பார்த்தேனாம். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் கணவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மெதுவாகக் கேட்டார்.

"ஏன் சொல்லலே?"

நான் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவர் சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். லைசென்ஸ் இல்லாத நான் அவளைத் தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க, கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கச் சொன்னேன். யாருக்காகச் சொல்கிறேன் என்பதில் இனி ஒளிவுமறைவு இல்லை.

அடுத்த நாள் அவரே பஸ் ஏறி ஓசூர் போய் பாயிடம் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று பாய் என்னிடம் சொல்லவே இல்லை. பாய் வாரம் இரண்டு நாள் வந்தார். கறாரான வாத்தியார். தப்பு செய்தால் வாய்க்குள் முனகுவார். என் கணவர் அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். பிறகு கிருஷ்ணகிரி டாக்டர் பார்த்துச் சொன்னார், சுற்றிலுமிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து இல்லை என்று. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது புதுச் செய்தி போலவே இல்லை.

லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி மாதம் ஒரு தடவை ஓசூர் வருவார். என் முறை வந்தபோது மைதானத்தில் ஒரே கூட்டம், பொம்பளை ஓட்டுவதைப் பார்க்க. அதிகாரி ஏறி வலப்பக்கம் உட்கார்ந்தார். நான் கிளம்பினேன். இடப்பக்கம் கழுதை, எதிரே ரெண்டு சைக்கிள், வலப்பக்கம் வண்டி திரும்புது என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதும்மா. நீங்க பேசாம ஓட்டுங்க."

பேசாமல் ஓட்டினேன். கண்ணீர் வந்து சாலை மங்கியது, அதையும் துடைக்காமல் ஓட்டினேன். பாஸ் போட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் தாண்டிய பிறகு கேட்டார்.

"அன்னிக்கு ஏன் சொல்லலே?"

இந்தத் தடவை சொன்னேன். "உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கறதுக்குங்க."

"என்னையே கேட்டிருக்கலாம் இல்ல" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முன்னால் ஒரு கட்டை வண்டி போய்க்கொண்டிருந்தது. அவர் பழக்கத்தில் வலப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் வேகத்தைக் குறைத்து, கட்டை வண்டிக்குப் பின்னாலேயே அஞ்செட்டிப் பிரிவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.