பிக்கப் இல்லை, பெயின்ட் நல்லா கீது!

ஒரகடம் மேம்பாலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் கார் என் மானத்தை வாங்கிவிட்டது.

ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்கிறேன்... வண்டி நகர்கிறதே தவிர, ஓடவில்லை. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தே என் பரம்பரையை விசாரிக்கிறது. ஒரு ஷேர் ஆட்டோ என்னை ஓவர்டேக் செய்தது. அதில் தொங்கிக்கொண்டு வந்தவர் திரும்பி, பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். லாரிக்காரரைக்கூட மன்னிப்பேன். அந்த ஆளை மாட்டேன்.

பக்கத்து சீட்டில் என் மனைவி வசந்தி. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விஷயம் இதுதான். வசந்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பல வருஷமாக உற்பத்தி லைனில் நிற்கிறவள். சூப்பர்வைசர் வேலைக்குத் திங்கட்கிழமை காலை இன்டர்வியூ. அதுவும் மறைமலை நகரில் இருக்கும் இன்னொரு யூனிட்டில். போன தடவையும் கூப்பிட்டார்கள். பஸ்ஸை நம்பிப் போனாள். பஸ் டிராஃபிக்கில் மாட்டி, இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். 'அடுத்த தடவை கார்லயே கொண்டு போய் விடறேன்' என்று நான் வீரவசனம் பேசியிருந்தேன். அந்தக் கார்தான் பாலம் ஏற மாட்டேன் என்கிறது!

மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதானே என்பீர்கள். ஆயுத பூஜை லீவு, சார்! தண்டலம் வரைக்கும் ஒரு ஷெட்கூடத் திறந்திருக்கவில்லை. எங்கள் மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "ஊருக்கு வந்துட்டேன் சார். ஸ்பேனரும் ரெஸ்ட்டு, நானும் ரெஸ்ட்டு. செவ்வாக்கெழமை வாங்க" என்கிறார்.

ஞாயிறு காலை நானே பானெட்டைத் திறந்தேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது கார் கம்பெனி ஆள் மேல்தான் விழும். பானெட் திறந்த சத்தம் கேட்டதுமே மூன்று பேர் ஆஜர்.

முதலில் பாபு. கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற பிரிவு. வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தடவிப் பார்த்து, "பெயின்ட் நல்லா கீது சார்" என்றார்.

நான் கேட்டேனா?

அடுத்து டேவிட். சீட் பொருத்துகிறவர். உள்ளே உட்கார்ந்து நாலு குதி குதித்தார். "சீட்டு ஆடலண்ணா. நம்ம சைடு ஓகே."

மூன்றாவது முருகேசன். திருநெல்வேலிக்காரர், கண்ணாடி பிரிவு. "கண்ணாடில ஒரு கீறல் கிடையாது, பாத்துக்கிடுங்க."

இந்தப் பக்கத்து வழக்கமே இது. டிஃபெக்ட் வந்தால் எங்கே கோளாறு என்று தேட மாட்டார்கள். 'எங்க லைன் இல்ல' என்று நிரூபிப்பார்கள். எல்லாரும் நிரூபித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கோளாறு மட்டும் நடுவில் அனாதையாக நிற்கும். கம்பெனியை மட்டும் சொல்வானேன்? வீட்டில் பால் பொங்கி வழிந்தால் என்ன நடக்கிறதாம்?

வசந்தி வந்து நின்றாள்.

"எல்லார் டிபார்ட்மென்ட்டும் நல்லா கீது. அப்பால ஏன் வண்டி போவ மாட்டேங்குது? நாளிக்கு நான் இன்னா, பெயின்ட் மேல ஏறியா இன்டர்வியூக்குப் போறது?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மூன்று பேருக்கும் முகம் சுருங்கியது. எனக்கும்தான்.

அதற்கப்புறம்தான் வேலையே நடந்தது. "கிளட்ச் போச்சின்னா இன்ஜின் கத்தும், வண்டி போவாது. இது கத்தவே மாட்டேங்குதே" என்றார் டேவிட். அப்போ கிளட்ச் இல்லை. காம்பவுண்டுக்குள்ளேயே நாலு சுற்று ஓட்டச் சொல்லிவிட்டு, முருகேசன் ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். "சூடு இல்ல அண்ணே. பிரேக் பிடிச்சிக்கிட்டு நிக்கல."

"அப்ப காத்துதான் சார்" என்றார் பாபு. "மூச்சு வுட முடியாம தவிக்குது."

காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டர் பெட்டியின் க்ளிப்பைத் தூக்கினோம்.

உள்ளே சாமந்தி!

ஃபில்டர் முழுக்க இதழ் அப்பிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போகிற குழாயின் வாயில், கெட்டியாகத் திணித்த மிச்சப் பூ. வியாழக்கிழமை பூஜைக்குப் பானெட்டைத் திறந்து வைத்து சந்தனம், குங்குமம், பூ என்று அமர்க்களப்படுத்தியிருந்தோம்.

பழக்கம் விடுமா?

"நான் வெக்கல சார்" என்றார் பாபு.

"நாங்க சர்ச்சுண்ணா" என்றார் டேவிட்.

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்லல்லா" என்றார் முருகேசன்.

"நான் எலுமிச்சம்பழம் மட்டும்தான் வெச்சேன்" என்றேன் நான்.

"நான்தான் வெச்சேன்" என்றாள் வசந்தி.

எல்லாரும் திரும்பினோம்.

"எல்லாத்துக்கும் பூ வெச்சாச்சி, இந்த ஓட்டை மட்டும் காலியா இருந்திச்சி. பூ வெக்கத்தான் உட்டுருக்கான்னு நெனைச்சேன். இன்டர்வியூ நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கினு ரெண்டு கை வெச்சேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. நல்லவேளை, அவளே முதலில் சிரித்துவிட்டாள். பூவையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஃபில்டரைத் தட்டி மாட்டினோம். சாவியைத் திருப்பி ஆக்சிலரேட்டரைத் தொட்டேன்... உறுமியது பாருங்கள், மாடியில் காக்காய் பறந்தது!

திங்கட்கிழமை நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். உள்ளே அவளிடம் கேட்ட கேள்வி: "லைன்ல டிஃபெக்ட் வந்தா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"மொதல்ல அது நான் பண்ணதான்னு பாப்பேன் சார்" என்றாளாம். ஏன் என்று கேட்டதற்கு, சாமந்திக் கதையை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம்.

இப்போது வசந்தி சூப்பர்வைசர்.

வீட்டிலும் அதே ரூல்தான். என்ன தப்பு நடந்தாலும் முதலில் அது தன்னுடையதா என்று நேர்மையாகச் சோதிக்கிறாள். இல்லை என்று முடிவாகிவிடுகிறது. வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தானே!