நிதானத்தில் சொன்னது

மெல்பேர்ன், பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம். நான் ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் என்றதும், பக்கத்தில் இருக்கும் ஜெர்மன் மூதாட்டி கைப்பையிலிருந்து ஒரு தீர்ப்பை எடுக்கிறார். நாஜிகள் நாட்டை நாசமாக்குகிறார்கள் என்று படைமுகாமில் சொன்னதற்காக, அவருடைய சிப்பாய்க் கணவரைச் சுட்டுக் கொல்லச் சொன்ன தீர்ப்பு. போர் முடிந்து முப்பது வருடமாகியும் அது ரத்தாகவில்லை. ஆகவே விதவை ஓய்வூதியம் இல்லை.

மனு பார்த்தே தேய்ந்த மூளை எனக்கு; பேனாவைத் திறக்கிறேன். “குடிவெறியில உளறினவர் எண்டு மனுவில எழுதுங்கோ, அம்மா. எங்கட ஊர்க் கோர்ட்டில பாதிப்பேர் அப்பிடித்தான் தப்பினவை.”

அவர் சிரிக்கிறார். “நீதிபதியும் ‘குடிச்சிருந்தனியோ?’ எண்டுதான் கேட்டவர். ஓம் எண்டிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கும். ‘இல்லை, நிதானமாய்த்தான் சொன்னனான்’ எண்டிட்டார். அவர் உயிருக்காகச் சொல்லாத பொய்யை நான் பென்சனுக்காக எழுதவோ?”

பேனாவை மூடுகிறேன். ரயில் வர, அவர் எழுகிறார். நீதிபதிகளுக்கு மட்டுமே எழுந்து பழகிய நானும் எழுந்து நிற்கிறேன்.