அமெரிக்கா அறிவித்த தீர்வை

லண்டன் டூட்டிங்கில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடை. மதுரையிலிருந்து வந்திருக்கும் நான் கொத்துரொட்டிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்து மேசையில் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் தாடிக்காரர் உரக்கச் சொல்கிறார்: "அமெரிக்கா தீர்வை அறிவிச்சிட்டுதாம்."

கொத்துச் சத்தம் நின்றுவிடுகிறது. ஈழத்தமிழர் பிரச்சினைக்கு ஒரு தீர்வு வரும் என்று வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கும் மனிதர்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிடுகிறார். கடைக்கார அக்கா கல்லாவை விட்டு ஓடிவந்து, "எல்லாருக்கும் வடை குடுங்கோ" என்கிறார். நானும் யாருடைய கையையோ பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன தீர்வு அண்ணை? சமஷ்டியோ?" கூட்டாட்சி கிடைத்துவிட்டதா என்று கேட்கிறார் அக்கா.

"தீர்வு இல்லைத் தங்கச்சி, தீர்வை. இறக்குமதி வரி. எல்லா நாட்டுச் சாமானுக்கும்."

பிறகு கடையே வயிறு குலுங்கச் சிரிக்கிறது. வடை மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது. சொன்ன சொல்லை மாற்ற ஏலாதாம் அக்காவுக்கு.

தாடிக்காரர் மறுபடி கைபேசியைப் பார்க்கிறார். "பொறுங்கோ, இப்ப அதைத் தள்ளி வைச்சிட்டினமாம்."

"தள்ளி வைச்சிட்டினமோ?" என்கிறார் அக்கா, கையில் வடைத் தட்டோடு. "அப்ப அது எங்கட தீர்வேதான்."